கடல் கடந்த கதையும் கரையில் நின்ற நடிகரும்

ஒரு நாட்டில் பிறந்த கதை பிறிதொரு நாட்டுக்குச் செல்வது புதுமையன்று. இராமகாதை கடல் கடந்து வந்து, மலாய் மொழியில் 'ஹிகாயத் செரி ராமா'வாக உருப்பெற்றதை நாம் அறிவோம். அங்ஙனம் செல்லும் கதை, புகுந்த மண்ணின் உடையை உடுத்திக்கொள்கிறது. ஆனால், திரைப்படக் கலை தோன்றிய பின்னர் ஒரு புதிய வினா எழுந்தது. கதை மட்டும் சென்றால் போதுமா? அதற்கு உயிரூட்டிய நடிகரும் உடன் செல்ல வேண்டாவா?

நான் போற்றும் நடிகர் ஹாங்காங்கைச் சேர்ந்த டோனி லியோங் சியூ வாய். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி டியூக் ஆஃப் மவுண்ட் டீர்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் அவர் குறும்புக்கார இளைஞராகவும், ஆண்டி லாவ் பேரரசராகவும் நடித்தனர். அத்தகைய தொடர்கள் ஒளிநாடாக்களாக நம் நாட்டுச் சிற்றூர்கள்வரை வந்து சேர்ந்த காலம் அது. பள்ளி மாணவனாயிருந்த நான் அண்டை வீட்டுச் சீனக் குடும்பத்தாருடன் அமர்ந்து அவற்றைப் பார்ப்பேன். கேண்டனிஸ் மொழி எனக்கு விளங்காது. அவ்வீட்டு அம்மையார் இடையிடையே மலாயில் இரண்டொரு சொல் சொல்லுவார். எஞ்சியதை நடிகரின் முகத்திலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். பின்னாளில், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஆசிரியர் பயிற்சியின்போது படித்தேன். உள்ளத்து உணர்வு மெய்யின்வழிப் புலப்படும் என்னும் கருத்துக்கு எடுத்துக்காட்டாக என் மனக்கண்முன் நின்றவை டோனி லியோங்கின் கண்களே.

அவர் 2000ஆம் ஆண்டில் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்திற்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2002இல் வெளிவந்தது 'இன்ஃபர்னல் அஃபேர்ஸ்'. ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக் ஆகிய இருவரும் இயக்கிய அப்படத்தில், குண்டர் கும்பலுக்குள் பல்லாண்டுகள் மறைந்து வாழும் காவலராக டோனி லியோங் நடித்தார். காவல் துறைக்குள் மறைந்து வாழும் கும்பல் ஆளாக ஆண்டி லாவ் நடித்தார். அக்காவலர் இன்னாரென அறிந்த ஒரே மேலதிகாரி உயரத்திலிருந்து வீழ்ந்து இறக்கிறார். அவ்வுடலை நோக்கி நிற்கும் டோனி லியோங் கதறுவதில்லை; ஓடுவதுமில்லை. தாம் காவலர் என்பதற்கு உலகிலிருந்த ஒரே சாட்சியும் மறைந்துவிட்டதை அவர் பார்வையே நமக்கு உணர்த்திவிடுகிறது.

இக்கதையின் உரிமையை ஹாலிவுட் வாங்கியது என்ற செய்தியைப் படித்தபோது என் உள்ளம் துள்ளியது. அதே பாத்திரத்தை அவருக்கே அளிப்பார்கள் என்று நம்பினேன். மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய 'தி டிபார்ட்டட்' 2006இல் வந்தது. களம் பாஸ்டன் நகரம். கும்பல் ஐரிஷ் வழியினருடையது. டோனி லியோங்கின் பாத்திரத்தை ஏற்றவர் லியனார்டோ டிகாப்ரியோ. ஐரிஷ் கும்பலுக்குள் சீன முகத்தை மறைத்து வைப்பது எங்ஙனம் என்று கேட்பின், அது நேர்மையான வினாவே. டிகாப்ரியோ திறம்படவே நடித்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், ஹாங்காங்கில் பிறந்த அக்கதையின் புது வடிவில் சீனர்களுக்குக் கிடைத்த இடம் யாது? திருட்டு மின்னணுப் பொருளை வாங்க வருவோராகச் சிலர் தோன்றி மறைகின்றனர். அவ்வளவே!

முகம் மாறியதோடு கதையின் உயிரும் மாறியது. மூலப் படத்தின் சீனப் பெயர் பௌத்தம் கூறும் இடையறாத நரகத்தைக் குறிப்பது. அங்குக் குற்றவாளி இறப்பதில்லை. உயிரோடிருப்பதே அவனுக்குத் தண்டனை. அமெரிக்கப் படத்திலோ அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான், கணக்கு தீர்ந்துவிடுகிறது. டோனி லியோங்கின் அமைதி அந்த இடையறாத நரகத்தின் அமைதி. கணக்குத் தீரும் கதையில் அதற்கு இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு ஈடான சொல்லைத் தேடிக் கண்டுவிடுவார். ஒரு நடிகரின் பார்வைக்கு ஈடான பார்வையை எந்த அகராதியில் தேடுவது?

'தி டிபார்ட்டட்' 2007இல் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவ்விழா மேடையில் அதன் மூலத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்தார்கள்! புதியது புகழ் பெறும் நாளிலேயே பழையதன் ஊரும் பேரும் மறக்கப்படலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த மறுவாக்கத்தைப் பார்த்தாலும் அதன் மூலத்தைத் தேடிப் பாருங்கள். அது எந்த நாட்டினது, எந்த மொழியினது, யார் நடித்தது என்பதைக் கேட்டறியுங்கள். தழுவல் கதையைப் படிக்கும்போது மூல ஆசிரியரைக் கேட்டறிவது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இதுவும்.

காலம் சிறிது மாறியுள்ளது. டோனி லியோங் 2021ஆம் ஆண்டில் 'ஷாங்-சி' என்னும் ஹாலிவுட் படத்தில் தந்தையாக நடித்தார். மகனை எதிர்த்து நிற்கும் அத்தந்தையின் துயரமே அப்படத்தில் என் நெஞ்சில் நின்றது. 2023இல் நம் ஈப்போவில் பிறந்த மிஷல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். அதே ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழா, டோனி லியோங்குக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அளித்தது.

ஆதலின் என் பழைய ஆசையை நான் கைவிடவில்லை, சற்றே திருத்திக்கொண்டேன். மேலை நாட்டார் அக்கதையை மீண்டும் படமாக்கினால், இப்போது அறுபதைக் கடந்துவிட்ட அவருக்கு இளைஞரின் பாத்திரம் பொருந்தாது. அம்மேலதிகாரியின் பாத்திரத்தை அளிக்கட்டும். ஒருவன் உண்மையில் யார் என்பதை இவ்வுலகில் தாம் ஒருவர் மட்டுமே அறிந்து, அதை வெளியிட வழியின்றிக் காத்து நிற்கும் மனிதர் அவர். அப்பாத்திரத்திற்கு வசனம் மிகுதியாக வேண்டுவதில்லை. அந்தக் கண்கள் போதும்.