14 நாள் மாத்திரை

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

"டாக்டர், மூணு நாள்லயே காய்ச்சல் விட்டுடுச்சே. அப்புறம் எதுக்கு 14 நாள் மாத்திரை?"

சென்னையில் வைவாக்ஸ் மலேரியா பார்க்கிற எந்த டாக்டரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிச்சிருக்க முடியாது. நியாயமான கேள்விதான். ஆனா பதில் சொல்லணும்னா குயினோலின் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்லியாகணும்.

குயினோலின்ங்கிறது ரெண்டு வளையம் ஒட்டிக்கிட்ட மாதிரி ஒரு மூலக்கூறு. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820ல் பெல்தியே, காவென்தூ என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரங்க பிரிச்செடுத்த குயினைனுக்குள்ள இருக்கிறது இதே வளையம்தான். அதே வளையத்தை வெச்சு 1934ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் செஞ்சது குளோரோகுயின். "நச்சுத்தன்மை அதிகம்"னு சொல்லி அப்போ ஓரமா வெச்சுட்டாங்க! ரெண்டாம் உலகப்போர் சமயத்தில்தான் அதோட அருமை தெரிஞ்சது.

இது எப்படி வேலை செய்யுது? மலேரியா ஒட்டுண்ணி நம்ம சிவப்பணுவுக்குள்ள உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்னுது. தின்ன பிறகு மிஞ்சுற ஹீம் அதுக்கே விஷம். அதனால அதைப் படிகமா மாத்தி ஒதுக்கி வெச்சுக்கும். குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாகவிடாது. தன் எச்சிலையிலேயே ஒட்டுண்ணி சாகும்.

ஃபால்சிபாரம் வகை இதுக்கும் வழி கண்டுபிடிச்சிருச்சு. உள்ளே வர்ற மருந்தை வெளியே தள்ளுற மாதிரி ஒரு புரதத்தை மாத்திக்கிச்சு. 1950களின் கடைசியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில இது தெரிய ஆரம்பிச்சது. அதனாலதான் இன்னிக்கு ஃபால்சிபாரத்துக்கு ஆர்டிமிசினின் கூட்டு மருந்து. நம்ம நாட்டில் வைவாக்ஸுக்கு இன்னமும் குளோரோகுயின், மூணு நாள்.

இப்போ கேள்விக்கு வர்றேன்.

வைவாக்ஸ் ரத்தத்தில் மட்டும் இல்ல. அதில் ஒரு பகுதி ஈரல்ல போய்த் தூங்கும். ஹிப்னோசோயிட்னு பேரு. அங்க அது ஹீமோகுளோபின் தின்கிறதில்ல, அதனால ஹீமும் இல்ல. குளோரோகுயினுக்கு அங்க வேலையே கிடையாது. வாரங்களோ மாதங்களோ கழிச்சு அது எழுந்து வரும், புதுசா ஒரு கொசு கடிக்காமலே.

கட்டட வேலை செய்யற ஒரு தம்பி. ஒரே வருஷத்தில் மூணாவது காய்ச்சல், ஹீமோகுளோபின் 8. "சைட்ல கொசு ஜாஸ்தி சார்"னார். பையில் பழைய மாத்திரை அட்டை இருந்தது, பாதிக்கு மேல மிச்சம். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போயிட்டார். நாள் கூலி வாங்குறவரை அதுக்காகத் திட்ட எனக்கு மனசு வரல.

அந்த அட்டையில் இருந்தது பிரைமாகுயின். இதுவும் குயினோலின்தான், ஆனா வேற கிளை. தூங்குறதைக் கொல்லும். கொரியப் போர்ல இருந்து திரும்பின அமெரிக்க வீரர்களுக்குத் திரும்பத் திரும்ப மலேரியா வந்தப்போ கைகொடுத்தது இதுதான்.

சிக்கல் என்னன்னா, சிலருக்கு இது சிவப்பணுக்களை உடைச்சிடும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவா இருக்கிறவங்களுக்கு. அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளை வெச்சு நடந்த ஆய்வுகள்லதான் 1956ல் இது தெரிய வந்தது. கைதிகளுக்கு வேணும்னே மலேரியா கொடுத்துப் பார்த்த இடம் அது. நாம இன்னிக்கு எழுதுற மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி அவங்க உடம்பும் இருக்கு.

சரி, 14 நாளைக் குறைக்க முடியாதா? முடியும். டஃபெனோகுயின்னு ஒண்ணு, 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. ஒரே வேளையில் 300 மில்லிகிராம், முடிஞ்சது. அந்தத் தம்பிக்கு இதைவிட வேற என்ன வேணும்னு தோணும்.

ஆனா பிரைமாகுயின்ல பிரச்சனை வந்தா அடுத்த மாத்திரையை நிறுத்திடலாம். டஃபெனோகுயின் உள்ளே போயிட்டா வாரக்கணக்குல ரத்தத்தில் இருக்கும், திரும்ப எடுக்க வழியில்ல. அதனால நொதியின் அளவு 70 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எண்ணிக்கையோட தெரிஞ்சாதான் கொடுக்கலாம். "இருக்கு, இல்ல"ன்னு மட்டும் சொல்ற டெஸ்ட் பத்தாது. குறிப்பா பெண்களுக்கு, ஏன்னா இந்த மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அவங்கள்ல நிறைய பேர் நடுவாந்தரமா இருப்பாங்க.

என்னைக் கேட்டா, புது மாத்திரைக்கு முன்னாடி அந்த டெஸ்ட் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரணும். அது இல்லாம எவ்வளவு நல்ல மூலக்கூறும் அலமாரியிலதான் இருக்கும்.

அதுவரைக்கும் 14 நாள்தான். சாப்பிட்ட பிறகு போடுங்க, வெறும் வயித்துல குமட்டும். கர்ப்பமா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, இந்த மாத்திரை தரக்கூடாது. நொதி குறைவுன்னு தெரிஞ்சவங்களுக்கு வாரம் ஒரு தடவை, 8 வாரம்னு ஒரு முறை இருக்கு. அது டாக்டர் கண்காணிப்புல மட்டும்.

மாத்திரை போடுற நாட்கள்ல சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ, படியேற மூச்சு வாங்கினாலோ, மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அட்டையையும் கையோட எடுத்துட்டு வாங்க.