மஞ்சள் புத்தகமும் மருந்துப் பையும்

பிரதோஷ வழிபாடு முடிந்து கோயில் மண்டபத்தில் சற்றே அமரும் முதியோரின் பேச்சில் இப்போதெல்லாம் வெளிநாட்டுப் பயணம் தவறாமல் இடம் பெறுகிறது. மகன் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில் என்று ஆகிவிட்ட காலம். பேரனின் ஆயுஷ்ய ஹோமத்துக்கோ மகளின் பிரசவத்துக்கோ புறப்படும் அன்பர்கள் வடகம், அப்பளம், விபூதி, குங்குமம் என்று பட்டியல் போட்டு எடுத்து வைக்கிறார்கள். உடம்புக்கு வேண்டிய ஏற்பாட்டை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கென்ய நாட்டின் தலைநகரான நைரோபிக்கு நாங்கள் சென்று வந்த அனுபவத்தை ஒட்டி, இது பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகன் அங்கே பணியில் இருக்கிறான். பேரனுக்கு ஆண்டு நிறைவு. நான், என் மனைவி, அவளுடைய தமக்கையார் ஆகிய மூவரும் செல்வதாக முடிவாயிற்று. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள பல நாடுகளுக்குச் சென்று திரும்புவோர், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்பது நம் அரசின் விதி. கென்யாவும் அந்தப் பட்டியலில் உள்ளது. இக்காய்ச்சலை மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடுவோர் பலர். இது வேறு, அது வேறு.

“நோய் அங்கேதானே இருக்கிறது? திரும்பி வரும்போது எதற்காகக் கேட்கிறார்கள்?” என்று வினவினாள் என் மனைவி. நியாயமான வினாதான். மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இதுவரை பரவியதில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீர் போதும், அது பெருகிவிடும். நோயோடு ஒருவர் வந்திறங்கி, அவரைக் கடித்த கொசு பின்னர் பக்கத்து வீட்டாரைக் கடித்தால் என்ன ஆகும்? ஆகவேதான் சான்றில்லாமல் வருவோரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லுபடியாகும். வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்குப் பின் தேதியிட்ட காசோலை நினைவுக்கு வந்தது. முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டிலிருந்து ஒரு முறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும்.

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. “முட்டை ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” என்று மருத்துவர் என் மனைவியைக் கேட்டார். “பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள். இத்தடுப்பூசிக்குரிய கிருமியைக் கோழி முட்டைக் கருவில் வளர்க்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்தது. சஷ்டி விரதம் தவறாதவள். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் வாதாடவில்லை; இவ்விஷயத்தில் கணவன் தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள் அவளே தன் கையிலுள்ள பழைய அம்மைத் தழும்பைக் காட்டினாள். அவளுடைய பாட்டி ஆடி மாதம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவர். அதே பாட்டிதான் அம்மை குத்த வந்தவர் முன் பேத்திகளை வரிசையாக நிறுத்தியவரும். அம்மைப்பால் எனப்பட்ட அந்த மருந்து கன்றுகளின் தோலில் உண்டாக்கி எடுக்கப்பட்டது. 1899-இல் தொடங்கப்பட்ட நம் கிண்டி கிங் நிலையத்தின் தொடக்க காலப் பணியே அதைத் தயாரித்து அனுப்புவதுதான். இதை நான் சொன்னபோது, “அப்படியானால் கன்றின் தோலிலிருந்து வந்ததைப் பாட்டி எனக்குப் போட வைத்திருக்கிறாள். இதற்கு நான் யோசித்தால் அவளே சிரிப்பாள்” என்றாள். அதே கிங் நிலையத்தில்தான் நாங்கள் ஊசி போட்டுக்கொண்டோம். இம்மருந்துப் புட்டியைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டு முடித்தாக வேண்டும். எனவே போடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

அறுபது வயதைக் கடந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. கடுமையான பின்விளைவு மிக அரிது என்றாலும், இளையோரைவிட முதியோருக்கு அதன் வாய்ப்பு அதிகம். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். என் மனைவியின் தமக்கையார் முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைக்கும் மருந்து. அதைக் கேட்டதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, உங்களுக்கு இந்த ஊசி கூடாது. ஊசியில்லாமல் அங்கே போவதும் எனக்குச் சம்மதமில்லை.”

மருத்துவ விலக்குச் சான்று என்று ஒன்று உண்டு. ஆயினும் அதை ஏற்பதும், ஏற்றுக் கண்காணிப்பில் வைப்பதும் வந்திறங்கும் இடத்து அதிகாரிகளின் முடிவு. கொசு அந்தச் சான்றைப் படிக்காது. இதற்கிடையில் பயண முகவர் ஒருவர், ஊசி போடாமலேயே முத்திரையுடன் மஞ்சள் புத்தகம் வாங்கித் தருவதாகக் கூறினார். மருந்துத் தொகுதி எண்ணும் கையொப்பமும் நிலைய முத்திரையும் கொண்ட ஓர் ஆவணத்தை இவ்வளவு எளிதாகப் பேசுகிறாரே என்று எனக்குச் சினம் மூண்டது. நான் வாய் திறக்கும் முன்பே தமக்கையார் சொல்லிவிட்டார்: “தம்பி, பொய்க் கையெழுத்தோடு போய்க் குழந்தைக்கு ஆசி கூறுவதா? நீங்கள் இருவரும் போய் வாருங்கள்.” ஹோமத்தை அவர் இங்கிருந்து கைப்பேசியில்தான் கண்டார்.

இனி மருந்துகள். என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பலாகாது. அங்கே உறைந்துபோகக் கூடும், உறைந்த இன்சுலின் பயன்படாது. கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசிமுனைகளுக்கும் அக்கடிதமே துணை. மாத்திரை அட்டைகளை வெட்டிக் கிழமை வாரியாகச் சிறு டப்பிகளில் அடுக்குவது வீட்டுக்குச் சரி, பயணத்துக்குச் சரியன்று. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையோடு போய்விடும். மருந்துச் சீட்டில் நிறுவனம் இட்ட பெயருடன் மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மூலப் பெயரிலும் வேறுபாடு உண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்றால்தான் புரிந்துகொள்வார்கள். சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மவர் பெயர்களில் முதலெழுத்து விரிந்து தகப்பனார் பெயராகி முன்னும் பின்னும் நிற்பதால், ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தோன்றிவிடுகிறார்.

இங்கே எளிதாகக் கிடைக்கும் சில மருந்துகள் அயல்நாடுகளில் கடுங்கட்டுப்பாட்டில் உள்ளன. கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் எனும் வலி மாத்திரையும் அத்தகையவை. ஐக்கிய அரபு நாடுகளுக்கு இவற்றை முன் அனுமதியின்றிக் கொண்டு செல்லலாகாது. பக்கத்து வீட்டார் தம் பிள்ளைக்கு என்று கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தை நான் வாங்குவதில்லை, மனத்தாங்கல் வந்தாலும் சரி. பாயசத்துக்கும் குருமாவுக்கும் நாம் அரைக்கும் கசகசா கூட அந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது அபினிச் செடியின் விதை.

நைரோபியின் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது. இன்சுலின் வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். இறையருளால் ஹோமம் குறைவின்றி நிறைவேறியது. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் சுகாதார அதிகாரி எங்கள் இரு மஞ்சள் புத்தகங்களையும் வாங்கி, தேதியையும் முத்திரையையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தந்தார். தமக்கையாருக்கென மகன் கொடுத்தனுப்பிய ஹோம ரட்சையை என் மனைவி மருந்துப் பையில்தான் வைத்திருந்தாள். வழி நெடுகிலும் அவள் கையை விட்டு அகலாதிருந்தது அந்த ஒரு பைதான்.