இரவல் வாங்கிய நினைவகம்

நினைவு என்றதும் மாணவ நண்பர்களுக்குத் தேர்வுதான் கண்முன் வரும். கணினிக்கும் நினைவகம் உண்டு. நமக்கு மறதி நோய். அதற்கோ பிடித்ததை விடாத நோய்! இதனை 'மெமரி லீக்' என்பார்கள், நினைவகக் கசிவு. உண்மையில் எதுவும் ஒழுகுவதில்லை. எங்கள் இலஞ்சியில் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை எண்ணிப் பாருங்கள். வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை, சீட்டும் தொலைந்தது. எந்த அண்டாவிலும் ஓட்டையில்லை. ஆனாலும் கடை காலி! சன்னலைத் திறக்கும்போது நினைவகத்தில் இடம் வாங்கும் மென்பொருள், மூடும்போது அதைத் திருப்பித் தராவிட்டால் இதே கதைதான்.

என் அக்கா தட்டச்சு செய்யும் கடையில் இந்நோயைக் கண்டேன். காலையில் குதிரையாய் ஓடும் கணினி, மாலையில் எருமையாய் நிற்கும். பக்கக் கணக்கில் கூலி பெறும் அக்காவுக்கு மாலை வருமானம் போயிற்று. "மெமரி பத்தல தம்பி, கடன வாங்கியாவது இன்னொண்ணு போட்டிருவோம்" என்றார் கடை அண்ணாச்சி. "ஒரு நாள் பொறுங்க அண்ணாச்சி" என்று தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

முறை எளிது. டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருள் பிடித்திருக்கும் நினைவக அளவைக் குறித்தேன். ஒரே சன்னலைப் பத்து முறை திறந்து மூடி, மீண்டும் குறித்தேன். மறுபடியும் பத்து. முதலில் ஏறிப் பிறகு நிலைத்தால் நோயன்று. விரைவுக்காகச் சேர்த்து வைத்த இருப்பு அது. ஒவ்வொரு பத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறி, இறங்காமலே நின்றால் கசிவு. அழைப்பிதழை அச்சுக்கு முன் காட்டும் முன்னோட்டச் சன்னலே குற்றவாளி! புது நினைவகம் போட்டிருந்தால் நோய் தீர்ந்திராது. சற்றுப் பிந்தி வந்திருக்கும். மென்பொருளை முழுதும் மூடினால் அது வாங்கிய இடமெல்லாம் கணினிக்குத் திரும்பிவிடும். எனவே நண்பகலில் ஒருமுறை மூடித் திறக்க ஏற்பாடு செய்தோம். அண்ணாச்சி கடன் வாங்கவில்லை. அக்காவின் மாலைக் கூலியும் மீண்டது. தயாரித்தவர்களுக்கு எண்களோடு எழுதினோம்.

பெரிய இடத்திலும் இந்நோய் உண்டு. லினக்ஸ் கணினிகளின் க்னோம் திரைச்சூழல், நெடுநேரம் ஓடினால் நினைவகத்தை விழுங்கியது. 2018-இல் ஜார்ஜ் ஸ்டவ்ராகாஸ் அதை ஆராய்ந்தார். வேண்டாதவற்றைப் பெருக்கித் தள்ளும் பகுதி அதில் இருந்தது. ஆனால் ஒன்றையொன்று பற்றி நின்ற பொருள்களில், ஒரு பெருக்கலுக்கு ஓரடுக்கே விலகியது. ஓரடுக்கு விலகியதும் மீண்டும் பெருக்கும்படி திருத்தினார்கள்.

"மெதுவாக ஓடுகிறது" என்ற புலம்பலைக் கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் திருத்த முடியாது. "பத்து முறைக்கு இத்தனை எம்.பி. ஏறுகிறது" என்றால் முடியும். அதைச் சொல்லக் கலைக்கல்லூரி மாணவர்க்கும் வேண்டியது ஒரு தாள், ஒரு பென்சில், சிறிது பொறுமை.