மணி அடிக்காத வண்டி

சர்க்கார் உத்தியோகத்தைத் தானாக விட்டுவிட்டு வருகிறவனைப் பற்றி நம் ஊர்களில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் உண்டு. பணத்தில் கை வைத்திருப்பான். இல்லையென்றால் புத்தியில் ஏதோ கோளாறு. என் தாய்மாமன் 2018-ல் தீயணைப்புத் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வேம்பாருக்கு வந்து சேர்ந்தபோது, ஊர் முதல் அபிப்பிராயத்தில் இருந்தது. அவர் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும், ஒரே நாளில் இரண்டாவதற்கு மாறிக்கொண்டது.

அப்போது மாமாவுக்கு வயது 52. தீயணைப்பு வண்டி ஓட்டியது 28 வருஷம். சர்க்கார் ஊழியர்கள் 58 வயதில் ஓய்வு பெறுகிற காலம் அது. "ஆறு வருஷச் சம்பளத்தை விட்டுட்டு வந்துட்டானே!" என்று உறவினர்கள் அங்கலாய்த்தார்கள். 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். உறவினர்களும் உடனே கணக்கைத் திருத்தி "ஏழு வருஷம்" என்றார்கள். மறு வருஷம் 60 ஆயிற்று, எட்டு! மாமா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்க, அவருடைய நஷ்டம் மட்டும் வட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது.

வேம்பார் பெரிய ஊர் அல்ல. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரப் பிரயாணம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனங்காடு. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். பரதவர்களுடைய பழைய ஏழு துறைகளில் ஒன்று. என் தாத்தா வாலிபத்தில் முத்துக் குளித்தவர். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றுபோயிற்று; அப்புறம் சங்கு குளித்தார். காது இரண்டும் மந்தமாகிவிட்ட பிறகு மகனைக் கூப்பிட்டு, "காலுக்குக் கீழே தரை இருக்கிற உத்தியோகமாகப் பார்" என்று சொன்னாராம். மகனும் பார்த்தார். தரைமேல் ஓடுகிற வண்டிதான். ஆனால் அதன் முதுகில் 4,500 லிட்டர் தண்ணீர்! கடல் எங்கள் குடும்பத்தை அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

தீயணைப்பு வண்டியை ஓட்டுவது லாரி ஓட்டுவது போலத்தானே என்று நினைத்து மாமாவிடம் கேட்டேன். சிரித்தார்.

"அரிசி மூட்டை ஏத்தினா மூட்டை வச்ச இடத்துல இருக்கும். தண்ணி இருக்குமா, மருமவனே? நீ பிரேக் போட்டு நின்னுட்டே. நாலரை டன் தண்ணி நிக்கணுமே! அது முன்னால ஓடி வந்து முட்டும். வளைவுல திரும்பினா அது ஒரு பக்கமா ஏறும். அதுக்குத்தான் தொட்டிக்குள்ள தடுப்புத் தகடு வச்சிருக்கான். அப்படியும், தொட்டி முழுசா இருந்தா பயமில்லை, காலியா இருந்தாலும் பயமில்லை. பாதி இருக்கு பாரு, அதுதான் ஆளைக் கவுக்கும்."

அதிலும் ஆட்களைக் கவிழ்த்துவிடாமல் வேகமாகப் போகவேண்டும். எத்தனை வேகமாகப் போனாலும் "இவ்வளவு நேரமா?" என்றுதான் கேட்பார்கள். வைக்கோல் படப்பு எரிந்தாலும் சரி, பசு மாடு கிணற்றில் விழுந்தாலும் சரி, இந்தக் கேள்விக்கு ஓட்டுநர்தான் முதலில் முகம் கொடுக்கவேண்டும்.

சித்திரை முதல் நாளை மாமா வீட்டில் கொண்டாடியதே கிடையாது. ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். 1944-ல் அன்றுதான் பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள்! அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பி வரவில்லை. நாமெல்லாம் புதுவருஷப் பாயசம் சாப்பிடுகிற வேளையில் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பார்கள்.

சிவகாசிப் பக்கம் மாமா வேலை பார்த்த காலத்தில், 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவலாம் என்றும் பார்க்கலாம் என்றும் ஓடி வந்தவர்கள் அடுத்தடுத்த வெடிகளில் சிக்கிக்கொண்டதுதான் அதில் பெரிய கொடுமை. மாமா அங்கே போயிருந்தார். அதற்குமேல் அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பத்திரிகைக்காரன் கேட்கக் கூடாத கேள்வியும் சில உண்டு.

ஆனால் அதன் பிறகும் ஆறு வருஷம் அவர் வேலை பார்த்தார். ஆகவே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் வேறு மாதிரி வந்தது. ஒரு நாள் விடுமுறையில் வேம்பாரில் இருந்தார். சாயங்காலம் தேவாலயத்தில் மணி அடித்தது. பிறந்தது முதல் கேட்ட மணிதான். திண்ணையில் சாய்ந்திருந்த மாமா துள்ளி எழுந்து, செருப்பைப் பூட்ஸ் என்று நினைத்துக் காலில் திணித்துக்கொண்டு, வாசலுக்கு ஓடி, இல்லாத வண்டியின் கதவைத் திறக்கக் கையை நீட்டினாராம்! மகள் கைகொட்டிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால், அத்தை சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மணி அடிச்சா உடம்பு எழுந்திரிச்சு ஓடிருது. மனசு பின்னால வந்து சேருது. ஒரு நாள் அது வராமலே போயிருச்சுன்னா?" என்றார் மாமா. அந்த வாரமே விண்ணப்பம் போய்விட்டது.

மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததை மாமா தொடவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊர் வேறு விதமாகச் சொல்கிறது. எடுக்காமல் சேர்ந்திருந்த விடுமுறைக்குக் கிடைத்த பணத்தில்தான் ஜீப் வாங்கினார். மஹிந்திரா எம்.எம். 540. பெஜோ டீசல் எஞ்சின். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி ஓடிக் களைத்து, கழித்துக்கட்டப்பட்ட வண்டி. "கழிச்ச ஆளும் கழிச்ச வண்டியும் நல்ல ஜோடி" என்றாள் அத்தை. அதன் பிறகு ஒரு மாதம் அத்தை அவரோடு அதிகம் பேசவில்லை.

அத்தை சொன்னதில் சரித்திர உண்மை ஒன்று இருக்கிறது. ஜீப்பே உத்தியோகம் முடிந்து வெளியே வந்த வண்டிதானே? இரண்டாம் உலக யுத்தத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த வண்டிக்கு வயலிலும் காட்டிலும் வேறு ஜீவிதம் கிடைத்தது. நம் நாட்டில் 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தது. குண்டுக்கு நடுவே ஓடப் பிறந்தது, கடைசியில் கரும்புக் கட்டு சுமந்தது. இப்போது உலகம் பூராவும் இதில் சேற்றில் விழுந்து எழுவதற்கே பந்தயம் வைக்கிறார்கள். மலேசியாவில் 1997-ல் தொடங்கிய மழைக்காட்டுப் பந்தயம் 2014 முதல் கோவாவிலும் நடந்திருக்கிறது. மாமாவைக் கேட்டால், "பந்தயம்னா நேரம் பார்க்கணும். இருபத்தெட்டு வருஷம் பார்த்தாச்சு" என்கிறார்.

மணலில் ஓட்டும் வித்தையை அவர் கற்றது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறக்கும்வரை, நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகளும் வேன்களும்தான் மணலிலும் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மாமா விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சாலை வந்ததும் அந்தப் பெரியவருக்கு வேலை இல்லாமல் போயிற்று என்பது வேறு விஷயம்.

என்னை எங்கள் ஆசிரியர் வேம்பாருக்கு அனுப்பியது கருப்பட்டியைப் பற்றி எழுதத்தான். பதனீர் காய்ச்சுகிற விடிலிக்குப் போகவேண்டும் என்றேன். "ஏறு" என்றார் மாமா.

பனங்காட்டு மணல் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்! முப்பது பவுண்டுக்குப் பாதிதான் மிச்சம். பஞ்சர் ஆன வண்டி மாதிரி டயரெல்லாம் சப்பென்று அகன்றன. "ஒட்டகத்துக்குப் பாதம் ஏன் அகலமா இருக்கு? அது மாதிரிதான். காத்து நிறைய இருந்தா டயர் மணலை வெட்டும். குறைஞ்சா மணல்மேல படுத்துப் போகும்" என்றார். பிறகு சின்னக் கம்பியைத் தள்ளி நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார். வண்டி உறுமிற்று, ஆனால் வேகம் எடுக்கவில்லை. மிதந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

மணலில் பிரேக்கைத் தொடக் கூடாது. காலை எடுத்தால் மணலே நிறுத்திவிடும். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது. சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே விட்டுவிட வேண்டும். பிடிவாதமாக மிதித்தால் அது தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு இடத்தில் நாங்களும் இறங்கினோம். மாமா பதறவில்லை. சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி எறிந்தார்; காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்து அடியில் சொருகினார். வண்டி அதன்மேல் கடகடவென்று ஏறி வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் இதற்கென்று விலை கொடுத்துப் பலகை வாங்குகிறானாம். நமக்குப் பனை கொடுக்கிறது.

இதில் எதிரி மணல் அல்ல, உடை முள். குடை மாதிரி அழகாக விரிந்து நிற்கும் உடை மரம், நிழலில் நிறுத்தினால் டயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பும். உள்நாட்டுப் பக்கம், விளாத்திகுளத்தை நெருங்கினால், மணல் போய்க் கரிசல் வந்துவிடும். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் டயர் பூராவும் அப்பிக்கொண்டு, சக்கரமே களிமண் உருண்டையாகிவிடும். அங்கே பனை மட்டை பலிக்காது. பொறுமையாகக் காயும்வரை காத்திருக்கவேண்டும்.

கடற்கரையில் மட்டும் மாமா ஓட்டுவதில்லை. தை, மாசியில் பங்குனி ஆமை கரையேறி மணலுக்குள் முட்டை இடும். சக்கரம் ஏறினால் தீர்ந்தது. புது ஜீப் வாங்கிய பையன்கள் அலை ஓரம் சீறிப் பாய்ந்து படம் பிடிப்பதைப் பார்த்தால் மாமாவுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம் என்பது என் கட்சி.

இந்தப் பையன்கள்தான் 2023 டிசம்பரில் அவரைத் தேடி வந்தார்கள். அந்த மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பேய் மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே பிரயாணிகளோடு நின்றுபோயிற்று. "மாமா, ஜீப்பை எடுங்க, உள்ளே போய் ஆட்களைக் கூட்டிட்டு வருவோம்" என்றார்கள். மாமா கயிறு, ரொட்டி, தண்ணீர், விளக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வெள்ளம் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடிய இடம் வந்ததும் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

"ஏன் மாமா? முழங்கால் ஆழம்தானே!"

"ஓடுற தண்ணி முழங்காலைத் தாண்டிட்டா, வண்டி வண்டி இல்லை, டப்பா. தூக்கிட்டுப் போயிரும். இது படகு போற இடம்."

பையன்கள் முணுமுணுத்தார்கள். பயந்துவிட்டார் என்றும் ஒருவன் சொன்னான். 28 வருஷம் நெருப்புக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தியவரைப் பார்த்து! மாமா பதில் பேசவில்லை. அந்தத் தண்ணீரில் மீனவர்களின் படகுகள் இறங்கின. கரை சேர்ந்தவர்களை மேட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும், சேற்றில் புதைந்த லாரிகளைக் கயிறு கட்டி இழுப்பதுமாக இரண்டு ராத்திரி அந்த ஜீப் தூங்கவில்லை. ஒரு தடவை கூட தண்ணீருக்குள் இறங்கவும் இல்லை.

அதிலிருந்து உறவினர்களுக்கு ஜீப்பின்மேல் மரியாதை வந்துவிட்டது. "பார்த்தியா, எவ்வளவு உபயோகம்! நாங்க அப்பவே சொன்னோம்" என்கிறார்கள். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "உபயோகத்துக்குன்னா நான் அந்தச் சிவப்பு வண்டியிலேயே இருந்திருப்பேனே. இதை நான் சும்மா ஓட்டத்தான் வாங்கினேன்" என்று என்னிடம் சொன்னார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அவர் ஓட்டிப் போன இடத்திலெல்லாம் ஏதாவது எரிந்துகொண்டோ மூழ்கிக்கொண்டோதான் இருந்தது. போய்ச் சேர்ந்தால் அங்கே ஒன்றுமே நடக்காமல், நாலு பனையும் ஒரு காக்கையும் மட்டும் இருக்கிற இடத்துக்குப் போக அவருக்கு ஆசை. இந்த ஆசைக்கு ஒரு மனிதன் காரணம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டுமா?

அத்தை ஒரு மாதம் பேசாமலிருந்தாள் என்றேனே, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் முன் ஸீட்டில் ஏறிக்கொள்கிறாள். மடியில் பதனீர்ச் செம்பு. ஒரு சொட்டு சிந்தினால் மாமாவுக்கு அர்ச்சனை. மணி அடிக்கும்போது மாமா இப்போதும் லேசாக நிமிர்கிறார். ஆனால் எழுந்து ஓடுவதில்லை என்று அத்தை என்னிடம் தனியாகச் சொன்னாள்.

நான் புறப்படுகிற அன்று வீட்டில் ஒரு சண்டை. வண்டி முகப்பில் 'வின்ச்' வைக்கவேண்டுமாம். மோட்டாரில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, புதைந்த வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளும் கருவி. விலையைச் சொன்னார் மாமா. அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். புதைஞ்சா நான் இறங்கித் தள்ளுறேன்" என்றாள்.