கிளச் இல்லாமல் வவுனியா வரை

மாமாவின் காருக்கு எங்கட வீட்டில் "தவளை" என்று பெயர். முன் விளக்குகள் இரண்டும் பொனற்றுக்குள் மூடிக் கிடக்கும். ஆளியைப் போட்டால் எழும்பி முழிக்கும். 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் இதே காரை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய கார் இது. 1.6 லீற்றர் என்ஜின், ஒரு தொன்னுக்கும் குறைந்த நிறை, இரண்டே இரண்டு சீற். "ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு உது என்னத்துக்கு?" என்று மாமாவைக் கேட்காத ஆள் ஒழுங்கையில் இல்லை.

மாமா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஓட்டினவர். பெற்றோல் வராத காலம். போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். சாமான் உடைந்தால் வேறு சாமான் இல்லை. அந்தக் காலத்தை அவர் வீரக் கதையாகச் சொன்னதில்லை. "எது உடைஞ்சது எண்டு தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது" என்பார், அவ்வளவுதான். பாதை திறந்த பிறகு கொழும்பில் போய் இந்தத் தவளையை வாங்கினார். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியதும் இதில்தான்.

அவர் போய் மூன்று வருசத்துக்குப் பிறகு, 2024இல், மாமி காரை விற்க முடிவெடுத்தா. கூரை மாற்ற வேண்டும், வங்கிக் கடன் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் அப்போது பழைய கார்களுக்கு நல்ல விலை இருந்தது. கொழும்பில் ஒருவர் கேட்டிருந்தார். நேரில் பார்த்துத்தான் காசு என்றார். நான் ஓட்ட, மாமி பக்கத்துச் சீற்றில் காரின் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தா.

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, வெளிக்கிட்டோம். மாங்குளம் சந்தியில் வேகத்தைக் குறைத்துக் கிளச்சை மிதித்தேன். கால் அப்படியே தரைக்குப் போனது. எந்த எதிர்ப்பும் இல்லை. மிதி திரும்பி மேலே வரவும் இல்லை. கியரை இழுத்து நியூட்ரலில் போட்டு, பிறேக் பிடித்து ஓரங்கட்டினேன். பிறேக் வழமைபோல வேலை செய்தது. அது முக்கியம். இந்தக் காரில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் தனித்தனி எண்ணெய்ச் சாடிகள்.

ஐந்து நிமிசத்தில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "கிளச் பிளேட் போட்டுது தங்கச்சி, கியர்பொக்ஸ் இறக்கவேணும்" என்றார் ஒருவர். "ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாமான் எடுக்கேலாது. ரெண்டு மூண்டு லட்சம் வரும்" என்றார் இன்னொருவர். மாமியின் முகம் மாறியது. அவவுக்கு அது கூரையில் இருந்து போகிற காசு.

கிளச் என்பது என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒட்டவும் பிரிக்கவும் இருக்கிற தட்டு. அது தேய்ந்தால் வேறு மாதிரித் தெரியும்: அக்சிலேற்றரை மிதிக்க என்ஜின் கத்தும், கார் அந்தளவுக்கு வேகம் எடுக்காது, எரிகிற மணம் வரும். எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மிதி வெறுமையாகப் போனால் சந்தேகப்பட வேண்டியது மிதிக்கும் தட்டுக்கும் இடையில் இருக்கிற எண்ணெய் வழியை. மிதியை அமத்த, மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும். கீழே கியர்பொக்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கிற இன்னொரு சின்னச் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் ஒரு கவட்டைத் தள்ளும். தட்டு விடுபடும். இரண்டு சிலிண்டருக்குள்ளும் எண்ணெயைத் தடுத்து வைத்திருப்பது றப்பர் சீல்.

பொனற்றைத் திறந்து பார்த்தேன். கிளச் சாடி காலி. குனிந்து பார்த்தால் கியர்பொக்ஸ் பக்கம் நனைந்திருந்தது. கடையில் ஒரு சின்னப் போத்தல் பிறேக் ஒயில் வாங்கி ஊற்றி, மிதியைப் பல தடவை அடித்தேன். இரண்டு தரம் பாதி மிதி கிடைத்தது. பிறகு அதுவும் போய், கீழே சொட்டத் தொடங்கியது. கீழ்ச் சிலிண்டரின் சீல்தான். இதில் கார் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அரித்த சுவரில் உரசி உரசி றப்பர் தேயும். வயதான எந்தக் காருக்கும் இது வரும்.

"என்ன பிள்ளை, லொறி பிடிப்பமோ?" என்று மாமி கேட்டா.

"வேண்டாம் மாமி. வவுனியா வரைக்கும் கிளச் இல்லாமல் போகலாம். மாமா பழக்கினவர்."

அதுவரை "உது ஓடாது" என்று சொன்ன அதே ஆட்கள்தான் தள்ளிவிட்டார்கள். நியூட்ரலில் என்ஜினை ஸ்ராட் பண்ணி வைத்தேன். நடக்கிற வேகத்துக்குக் கார் வந்ததும் முதலாம் கியரை மெல்லத் தள்ள, ஒரு சின்னக் குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. இரண்டாம் கியருக்கு: காலை எடு, பாரம் குறைகிற அந்தக் கணத்தில் கியரை நியூட்ரலுக்கு இழு, என்ஜின் சத்தம் இறங்குமட்டும் பொறு, விரலால் அமத்துகிற மாதிரி முன்னே கொடு. பலவந்தம் பண்ணினால் பல் கத்தும். பொறுத்தால் தானாக விழும். குறைந்த கியருக்கு வரும்போது இதற்கு எதிர்மாறு: நியூட்ரலில் வைத்து அக்சிலேற்றரைக் கொஞ்சம் தட்டி, என்ஜின் வேகத்தை ஏற்றிக் கொடுக்கவேண்டும். ஐந்தாம் கியருக்குப் போன பிறகு அறுபதில் ஓட்டினேன். நாற்பது கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. ஏ9இல் அந்தப் பகுதியில் சிக்னல் லைற் இல்லை என்பது பெரிய உதவி.

ஆனால் மாடு இருக்கிறது. கனகராயன்குளத்தில் ஒரு பட்டி றோட்டைக் குறுக்கே கடந்தது. நியூட்ரலில் போட்டு நிற்பாட்டினேன். இந்த முறை தள்ள ஆளில்லை. என்ஜினை நிற்பாட்டி, முதலாம் கியரில் போட்டு, முன்னுக்கு ஒருவரும் இல்லை என்று பார்த்து, திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட்டர் மோட்டரே காரை இழுத்துத் துள்ளவைத்து, என்ஜின் பிடித்தது. கச்சான் பை கவிண்டு மாமியின் மடி முழுக்கக் கச்சான். ஸ்ராட்டருக்கும் பற்றரிக்கும் கூடாத வேலை, அடிக்கடி செய்யேலாது. "உங்கட மாமாவும் ஏ40இல் என்னை உப்பிடித்தான் கொண்டு போனவர்" என்றா மாமி. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

வவுனியாவில் ஒரு சின்ன கராஜ். அந்த அண்ணை காரைத் தூக்கி, சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தார். கறுப்பு எண்ணெயோடு ஒரு றப்பர் வளையம் வந்தது, ஐந்து ரூபாய்க் குற்றியை விடச் சின்னது, ஓரம் கிழிந்திருந்தது. மாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தா.

"இவ்வளவுதானோ தம்பி?"

"இவ்வளவுதான் அம்மா. கியர்பொக்ஸ் இறக்கத் தேவையில்லை. இது வெளியில இருக்கிற சாமான்."

உட்சுவரை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, அளவு பார்த்து வேறொரு சீல் போட்டார். பிறகு காற்று எடுக்கும் வேலை. அவர் கீழே படுத்திருந்து "அமத்து... பிடி..." என்று சொல்ல, நான் மேலே மிதித்தேன். பிடித்திருக்கையில் அவர் நிப்பிளைத் திறந்து மூடி, "விடு" என்பார். குமிழி வராமல் எண்ணெய் மட்டும் வருமட்டும் அதே மூன்று சொல். கடைசியில் காலுக்குக் கீழே மிதி கெட்டியானது. எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். "இது காலம் தாட்ட. கொழும்பில பஞ்சிகாவத்தையில கேட்டுப் புதுச் சிலிண்டர் முழுசாப் போடுங்கோ" என்று சொல்லித்தான் விட்டார்.

கொழும்பில் வாங்க வந்தவரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். "கிளச் பிரச்சினை எண்டால் மூண்டு லட்சம் குறையுங்கோ" என்றார். நான் வாய் திறக்க முன் மாமி பையில் இருந்து அந்தக் கிழிந்த வளையத்தை எடுத்து மேசையில் வைத்தா.

"தம்பி, கிளச் தட்டுக்கு ஒண்டும் இல்லை. போனது இது. கீழ்ச் சிலிண்டர். புதுசு என்ன விலை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, அதைக் குறைக்கிறன். மூண்டு லட்சம் ஏன் குறைக்க?"

அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சிலிண்டரின் காசு மட்டும் குறைந்தது. கூரை வேலை அடுத்த மாதம் தொடங்கியது.

மஸ்டா 2018இல் இருந்து ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களைத் திருத்திக் கொடுக்கும் சேவையை நடத்துகிறது. விட்டுப்போன சில சாமான்களைத் திரும்பவும் செய்கிறார்கள். எங்களுக்கு அது எட்டாத தூரம். எட்டுவது இவ்வளவு: பழைய கார் வைத்திருந்தால் கிளச் எண்ணெயை இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள், சாடியில் மட்டம் இறங்கினால் ஊற்றிவிட்டு மறக்காமல் எங்கே போகிறது என்று தேடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்றைத் தின்னும். மிதி தரைக்குப் போனால் முதலில் பிறேக்கைச் சோதியுங்கள். சனநெருக்கமான ரவுனுக்குள் என்றால் நான் செய்தமாதிரி ஓட்டவேண்டாம், கட்டி இழுப்பியுங்கள்.

மாமி இப்ப ஓட்டோவில்தான் போய் வாறா. போன கிழமை ஓட்டோக்காரப் பெடியன் "கிளச் போட்டுது அம்மா, நாளைக்கு வரமாட்டன்" என்று சொன்னானாம். "எந்த இடத்தில போனது எண்டு பாத்தனியோ?" என்று இவ கேட்டிருக்கிறா.