உள்ளே தங்கிய நீர்

ஏரியையும் கிணற்றையும் நம்பி நிலக்கடலை பயிரிடும் கீழ்பென்னாத்தூர்ப் பகுதி மக்களுக்குக் கடல் என்றாலே வேளாங்கண்ணிதான். சென்ற மே மாதம் பங்கு மக்களோடு அன்னையின் திருத்தலம் சென்றிருந்த நாம், திருப்பலி முடிந்தபின் நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனோம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். கரையெங்கும் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு பைபர் படகின் அடியில் முதியவர் ஒருவர் குந்தியிருந்தார். சிறு சுத்தியலால் படகின் வயிற்றைத் தட்டுவதும், காது கொடுத்துக் கேட்பதுமாக இருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று வினவினோம்.

"நல்ல இடம் கணீர்னு சொல்லும் சாமி. ஊறிப்போன இடம் பொத்துன்னு சொல்லும்" என்றார்.

இயந்திரமும் பாயும் உடைய படகு அது. இயந்திரத்திலிருந்து புறப்படும் இரும்புத் தண்டு படகின் அடிப்பகுதியைத் துளைத்து வெளியே நீண்டு விசிறியைச் சுழற்றுகிறது. அத்தண்டைத் தாங்குவதற்கு ஒரு பிராக்கெட். அதைப் படகின் உடலோடு பிணைக்க நான்கு போல்ட்டுகள். ஒருமுறை வலைக்கயிறு விசிறியில் சுற்றித் தண்டு சற்றே வளைந்துவிட்டது. அன்று தொடங்கிய அதிர்வில் போல்ட்டுகள் தளர்ந்தன. பிராக்கெட்டின் அடியைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. அவற்றின்மேல் பட்டி பூசி, வண்ணம் அடித்துப் படகைக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

சில மாதங்களுக்குப்பின் ஒரு நள்ளிரவில் நடுக்கடலில் பிராக்கெட் ஆடத் தொடங்கி, போல்ட் துளைகளின் வழியே நீர் உள்ளே பாய்ந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நால்வரும் மாறி மாறி நீரை இறைத்துக்கொண்டே பாய் விரித்துக் கரை சேர்ந்தனராம். நால்வரில் ஒருவன் முதியவரின் பேரன்.

"பட்டி பூசினவர் யார்?" என்றோம்.

"நான்தான் சாமி. ரெண்டு நாள் தொழில் போயிடுமேன்னு அவசரப்பட்டேன்" என்றார், தலை நிமிராமல்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் வந்த உதவிகளால் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்தால் மரங்கள் தனித்தனியே பிரியும், வெயிலில் உலர்ந்துவிடும். பைபருக்கோ அவிழ்க்கும் முடிச்சு இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கடுக்காய் இறுகி ஒரே தோலாகிவிடுகின்றன. இடையில் புகுந்த நீர் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே தங்கி, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

இம்முறை முதியவர் அவசரப்படவில்லை. பிராக்கெட்டைக் கழற்றி, ஊறிய அடுக்குகளை நல்ல தசை தெரியும்வரை தேய்த்தெடுத்திருந்தார். பழுது உள்ளங்கையளவு, தேய்த்த இடமோ முறத்தளவு! தோலின் கனம் 1 செ.மீ. என்றால் சுற்றிலும் சுமார் 12 செ.மீ. சரிவாகத் தேய்க்க வேண்டுமாம். முன்பே இறுகிவிட்ட பழைய பிசின் புதியதோடு ஒன்றாய்க் கரைவதில்லை. சொரசொரப்பாக்கிய பரப்பைத்தான் புதுப்பிசின் பற்றிக்கொள்ளும். ஈரம் இருந்தால் அதுவும் பற்றாது. ஆகவே நாள்கணக்கில் உலர விடவேண்டும். பிறகு இழைப்பாயைச் சிறிதும் பெரிதுமாய் வெட்டி, பிசினில் நனைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி, அடுக்கடுக்காய் ஒட்டவேண்டும். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறிக் கெட்டுவிடும். இறுதியில் தண்டை நேராக வைத்து, அதற்கு இசைவாகப் பிராக்கெட்டைப் பொருத்தவேண்டும். பிராக்கெட்டுக்காகத் தண்டை வளைத்தால் பழைய அதிர்வே திரும்பும்.

கேட்டுக்கொண்டிருந்த நமக்கு முகம் வாடியது. நாமும் பட்டி பூசியவரே!

நம் பங்கில் அண்ணன் தம்பி இருவர் கிணற்றுப் பங்கின் பொருட்டுப் பேச்சற்றிருந்தனர். பங்குத் திருவிழா நெருங்கிய நேரம். இருவரையும் பங்கு இல்லத்திற்கு அழைத்து, பீடத்தின்முன் கைகுலுக்க வைத்தோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. திருவிழா மறையுரையில் அதையே எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பெருமையும் கொண்டோம். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர்களுடைய தாய் இறந்தபோது, அந்த இரு பிள்ளைகளும் பெட்டியின் இருபுறமும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றனர். கிணற்று நீரை யார் எந்நாளில் இறைப்பது என்பதை அன்று நாம் கேட்கவே இல்லை.

மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் மனந்திரும்புவோரின் செயல்கள் என 1551இல் திரெந்து பொதுச்சங்கம் வகுத்ததைக் குருமடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். மூன்றையும் தாண்டிக் கைகுலுக்கலுக்கு ஓடினோம். மக்களின் காயத்தை மேலோட்டமாய் ஆற்றிவிட்டு, அமைதியில்லாதபோதும் அமைதி என்று கூறுவோரை எரேமியா கடிந்துகொள்கிறார். அவர் கடிந்தவர்களுள் குருக்களும் உண்டு. நோவாவுக்கோ, பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசுமாறு இறைவன் பணித்தார். நாம் புறத்தோடு நின்றுவிட்டோம்.

ஊர் திரும்பியதும் முதலில் அண்ணன் வீட்டுக்கும் பின்பு தம்பி வீட்டுக்கும் சென்று, அவசரப்பட்டது எம் பிழை என்று சொன்னோம். இம்முறை எவரையும் கைகுலுக்கச் சொல்லவில்லை. அண்ணனின் மனக்குறையை ஒரு மாலை முழுதும் கேட்டோம். தம்பியினுடையதை இரண்டு மாலைகள். சென்ற வாரம் இருவரும் கிணற்றடிக்கு வந்தனர். பேசியது சிறிது, கோபம் அதிகம். எனினும் வந்தனர். தேய்க்கும் பணி இன்னும் முடியவில்லை. உலர்வதற்கும் நாளாகும்.

அன்பர்களே, நம் இல்லங்களில் வண்ணம் பூசி மறைத்த வெடிப்புகள் எத்தனை! அவற்றை ஒருமுறை தட்டிப் பார்ப்போம். பொத்தென்று ஒலிக்கும் இடத்தை மறைக்காமல் ஆண்டவர்முன் திறந்து வைப்போம். உலர்த்தும் வெயில் அவருடையது. பொறுமையோடு தேய்க்கும் கை நம்முடையதாகட்டும்.