ஆள் எடுப்பதும் ஆளாக்குவதும்

நம்முடைய பக்கத்து ஜனங்களுக்கு உத்தியோகம் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சம்பளமல்ல, பிரயாணம். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால், தோளில் ஒரு பையும் கையில் ஊறுகாய் டப்பாவுமாக நிற்கும் இளைஞர்களில் நாலில் ஒருவராவது, "ஸார், சௌக்கியமா?" என்று நம்மை விசாரிக்காமல் போவதில்லை. அரியலூரில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ஆகையால் அவ்வூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் சௌகரியமாக ஊரை விட்டுப் போகிறார்கள். இரண்டு ஊர்களும் 2007-ல் தனித் தனி ஜில்லாக்களாகப் பிரிந்துவிட்ட போதிலும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூரண ஒற்றுமை நிலவுகிறது.

ஊரை விட்டுப் போவது பிள்ளைகள் மாத்திரமல்ல. பெரம்பலூர்ப் பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும் லாரி லாரியாக வெளியே போகின்றன. அரியலூரில் பூமியைத் தோண்டிச் சுண்ணாம்புக் கல்லை எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லை அங்கேயே சிமெண்டாக்கி, மூட்டை கட்டி, விலை போட்டு அனுப்புகிறார்கள். பருத்திக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் நாம் சிமெண்டின் வழியைப் பின்பற்றாமல் பருத்தியின் வழியையே பின்பற்றி வருகிறோம். பட்டம் என்ற சீட்டை ஒட்டிப் பஸ் ஏற்றி விடுகிறோம். அவர்களைத் தொழிலுக்குப் பக்குவப்படுத்தும் காரியம் வேறெங்கோ நடக்கிறது.

நாம் இருபது வருஷமாக இந்தப் பிரதேசத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். நம்மிடம் படித்த பையன் ஒருவன், சென்னையில் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்து விட்டு ஊருக்குத் திரும்பினான். பெரம்பலூரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, இணையதளங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று ஆரம்பித்தான். நகைக் கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கல்யாண மண்டபத்துக்கும் இப்போது இணையதளம் வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய, பக்கங்களின் தோற்றத்தை வரைகிறவர் ஒருவர் வேண்டும்; அதை யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் நிரலாக எழுதுகிறவர் வேண்டும்; எழுதியதில் எங்கே ஓட்டை என்று தட்டிப் பார்க்கிறவர் வேண்டும்; வாடிக்கைக்காரரிடம் பேசிப் பணம் வசூலிக்கிறவரும் வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் எந்தக் கலாசாலையும் சொல்லித் தரவில்லை என்பது பையனின் அபிப்பிராயம்.

ஆள் வேண்டுமென்று அவன் தெரிவித்தவுடன் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. எஞ்சினீயரிங் கலாசாலைகளுக்கு நம்முடைய பக்கத்தில் பஞ்சமே இல்லை. எல்லா விண்ணப்பங்களிலும் ஒரே விதமான திறமைகள், ஒரே வரிசையில் எழுதப்பட்டிருந்தன. அவற்றை வைத்து யாரையும் பொறுக்க முடியாதென்று கண்ட பையன், பழுதான ஓர் இணையப் பக்கத்தைக் கொடுத்து, "இரண்டு மணி நேரத்தில் சரிசெய்து பாருங்கள். எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்" என்றான். பலர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம்! பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் சேர்ந்து ஊட்டி வளர்த்த பயம் அது. குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், பி.எஸ்ஸி. படித்தவள், எழுந்து வந்து, "இந்தப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்? கடைக்காரரா, கடைக்கு வருகிறவர்களா? அது தெரிந்தால்தான் எதை முதலில் சரிசெய்வதென்று சொல்ல முடியும்" என்று கேட்டாள். அவளுடைய இரண்டு மணி நேரத்தில் பாதிப் பழுதுதான் தீர்ந்தது. வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அவளும் நம்மிடம் படித்தவளே என்பதை இங்கே சொல்லிக் கொள்வதில் நமக்குக் கொஞ்சம் கர்வந்தான்.

ஒன்றரை வருஷம் நன்றாக நடந்தது. பிறகு, தொழில் கற்றுத் தேறிய இரண்டு வாலிபர்கள், இரு மடங்குச் சம்பளத்துக்குச் சென்னைக்குப் போய் விட்டார்கள். அதுவும் ஒரு பெரிய வேலை பாதியில் நிற்கும் சமயத்தில். பையன் நம் வீட்டுக்கு வந்து, ஒரு தீர்மானத்தை வெளியிட்டான். புதிதாக நாலு பேரை ஒரே சமயத்தில் எடுப்பது. அவர்களுடையதும் இருக்கிறவர்களுடையதுமான அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது. மூன்று வருஷத்துக்கு முன் போனால் பணம் கட்டவேண்டுமென்று எழுதி வாங்குவது. "அந்தப் பெண்ணின் தகப்பனார்தான் தயங்குகிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்து விடுவார், ஸார்" என்றான்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. முதலாளியும் நம் மாணவன். சிப்பந்தியும் நம் மாணவி. அவளுடைய தகப்பனாரோ, வாத்தியார் சொன்னால் காடு கழனியையே எழுதிக் கொடுத்துவிடக் கூடியவர்.

நிற்க. இந்தச் சங்கடத்தைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு அவர்களும் அவருடைய கூட்டாளிகளும் 1996-ல் தொடங்கிய கம்பெனிக்கு அட்வெண்ட்நெட் என்று பெயர். 2009-ல் அது ஸோஹோ ஆயிற்று. ஆரம்பத்தில், பெரிய பட்டதாரிகள் பெரிய கம்பெனிகளையே நாடினார்கள். பெயர் தெரியாத கம்பெனிக்குப் பெயர் தெரியாத கலாசாலையில் படித்தவர்கள்தான் கிடைத்தார்கள். அவர்களைக் கொண்டு வேலை வாங்கியபோது, பரீட்சை மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் அப்படியொன்றும் நெருங்கிய உறவில்லை என்பதை வேம்பு அவர்கள் கண்டுகொண்டார். அப்படியானால் கலாசாலைக்கே போகாதவர்களை எடுத்து நாமே கற்பித்தால் என்ன என்று தோன்றிற்று. 2004-05 வாக்கில், விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுடன் ஒரு பள்ளி ஆரம்பமாயிற்று. பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்தவர்களைச் சேர்த்து, கணக்கு, இங்கிலீஷ், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். பையன்கள் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. கம்பெனியே மாதந்தோறும் உதவித் தொகை கொடுத்தது. தேறினவர்கள் அங்கேயே எஞ்சினீயர்கள் ஆனார்கள். பிற்பாடு தென்காசிச் சீமையிலும் காரியாலயமும் பள்ளியும் ஏற்பட்டன. 2019-ல் வேம்பு அவர்களே தென்காசிக்கருகில் மத்தளம்பாறை என்னும் கிராமத்துக்குக் குடிபோய் விட்டார். டாக்டர் பட்டம் வாங்கியவர் பட்டமில்லாதவர்களைத் தேடிப் போனது ஒரு வேடிக்கை என்றால், வேலை தேடிப் பட்டணத்துக்குப் போகும் ஜனங்களுக்கு எதிர்த் திசையில் வேலையே கிராமத்துக்குப் புறப்பட்டது அதைவிட வேடிக்கை.

இந்த உதாரணத்தை நாம் எடுத்துச் சொன்னபோது பையன் சிரித்தான். "அவர்களிடம் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள், ஸார். இரண்டு வருஷம் உட்கார்த்தி வைத்துச் சோறு போட அவர்களால் முடியும். உங்களுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. படித்த பையன் ஊரை விட்டுப் போனால் உங்களுக்குப் பெருமை. எனக்கு அது நஷ்டம். முதல் தேதி ஐந்து பேருக்கு நான் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மேலும் இப்போது சில்லறை நிரல்களை யந்திரமே எழுதித் தருகிறது. புதியவர்களை எதற்காக எடுப்பது என்றே சில நாள் தோன்றுகிறது" என்றான்.

இந்த வாதம் அலட்சியம் செய்யக் கூடியதல்ல. 2022-ம் வருஷக் கடைசியில் சாட்ஜிபிடி வெளியானது முதல், புதியவர்கள் கை பழகுவதற்கென்றிருந்த சிறு வேலைகளை யந்திரத்திடம் கொடுத்துவிடும் ஆசை எல்லா முதலாளிகளுக்கும் உண்டாகியிருக்கிறது. ஆனால் யந்திரம் எழுதியது சரியா, தவறா என்று பார்த்துச் சொல்ல அநுபவஸ்தர் ஒருவர் வேண்டுமே? இன்று புதியவர்களே வேண்டாமென்றால், ஐந்து வருஷம் கழித்து அந்த அநுபவஸ்தர் எங்கிருந்து வருவார்? நாற்றங்கால் போடாதவன் நடவுக்கு நாளில் அடுத்தவன் வயலைத்தான் பார்த்துக் கொண்டு நிற்கவேண்டும்.

நாலு பேரை ஒரே சமயத்தில் எடுக்கும் யோசனையைப் பற்றி நமக்குக் கணக்கு வழியாகவே ஆட்சேபணை இருந்தது. ஐ.பி.எம். கம்பெனியில் மகத்தானதொரு நிரல் வேலையை நிர்வகித்த பிரெடெரிக் புரூக்ஸ் என்னும் அமெரிக்கர், 1975-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் ஒரு விதியைச் சொன்னார்: தாமதமாகிவிட்ட வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால், அது இன்னும் தாமதமாகும். காரணம் எளிது. புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். அதோடு, ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசிக் கொள்வதற்குப் பத்து ஜோடிகள் உண்டு. பத்துப் பேரானால் நாற்பத்தைந்து ஜோடிகள். ஆட்கள் இரு மடங்கானால் பேச்சு நாலரை மடங்காகிறது! கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பையனிடம் நாம் இவ்வாறு சொன்னோம்: "தம்பி, ஒருவரை எடு. அவரைப் பழக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணிடம் கொடு. அதற்காக அவளுடைய மற்ற வேலையைக் குறை. அவர் தேறிய பிறகு அடுத்தவரை எடு. ஒவ்வொரு வேலையும் எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல். ஆள் போனாலும் அறிவு போகாது. சம்பளத்தை, அவர்கள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் உயர்த்து. உயர்த்த முடியாத வருஷத்தில் ஏன் முடியவில்லை என்று கணக்கைக் காட்டு. சர்ட்டிபிகேட்டை மட்டும் கேட்காதே. போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் எழுதிய நிரலை நீ எந்த வாடிக்கைக்காரருக்கு விற்கப் போகிறாய்? அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் நாம் பேசுவதாயிருந்தால், கொடுக்க வேண்டாமென்றுதான் சொல்லும்படி இருக்கும்."

பையனுக்குக் கோபம் வந்து விட்டது. காபியைப் பாதியில் வைத்து விட்டுப் போனான். ஒரு மாதம் கழித்துத்தான் செய்தி தெரிந்தது. சர்ட்டிபிகேட் யோசனையைக் கைவிட்டு, விலகுவதாயிருந்தால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, தம் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்து விட்டுப் போகவேண்டும் என்று மட்டும் ஓர் ஒப்பந்தம் ஏற்படுத்தினானாம். கம்பெனி வேலையை விட்டு நிறுத்துவதாயிருந்தாலும் அதே மூன்று மாதம். இந்தப் பரஸ்பர விதி நாம் சொல்லாதது; அவனாகவே கண்டுபிடித்தது.

போனவர்களெல்லாம் நஷ்டம் என்றும் சொல்வதற்கில்லை. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் அவர்கள் ஸோஹோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். 2010-ல் விலகி, அங்கே தம்மோடு வேலை செய்த ஷான் கிருஷ்ணசாமி அவர்களுடன் சென்னையில் புதுக் கம்பெனி தொடங்கினார். அதுவே ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயருடன் 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிற்று. அதில் பங்கு பெற்றிருந்த சிப்பந்திகளில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீசுவரர்கள் ஆனார்கள். ஒரு கம்பெனியிலிருந்து போன இரண்டு பேரால் நாட்டுக்கு இன்னொரு கம்பெனி கிடைத்தது. நம் பையனின் மாடியறைக்கும் இதில் ஒரு சிறு துளி வந்து சேர்ந்தது. அவனை விட்டுப் போன இருவரில் ஒருவன், சென்னையில் தனக்குத் தெரிந்த ஒருவருடைய வேலையை இவனுக்கு வாங்கிக் கொடுத்தான். மற்றவன் ஒன்றும் கொடுக்கவில்லை. தீபாவளி வாழ்த்து மட்டும் அனுப்புகிறான்.

அந்தப் பெண் இப்போது இரண்டு பேருக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறாள். சென்ற மாதம் அவளுக்கும் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அவளே முதலாளியிடம் போய்க் கடிதத்தைக் காட்டினாள். சர்ட்டிபிகேட் பீரோவில் இருந்திருந்தால் அவள் அதைக் காட்டியிருப்பாளா என்பது சந்தேகம். பையன் மூன்று நாள் கணக்குப் பார்த்து, சென்னைச் சம்பளத்தில் முக்கால் பங்கும், லாபத்தில் ஒரு சிறு பங்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. தகப்பனார் நம்மிடம் யோசனை கேட்டார். "அவளையே கேளுங்கள், கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்குப் பதிலும் தெரியும்" என்று சொல்லி அனுப்பினோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை முதல் வேலைக்குப் போய் வந்ததும், "சம்பளம் என்ன?" என்று கேட்காத வீடு கிடையாது. கேட்க வேண்டியதுதான், பால்காரர் கேட்கிறாரே! ஆனால் அதோடு, "உனக்கு அங்கே யார் கற்றுக் கொடுக்கப் போகிறார்கள்?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஒரு மனிதரின் பெயரைச் சொல்லிப் பிள்ளையால் பதில் கூற முடிந்தால், அந்தக் காரியாலயம் சென்னையில் பத்து மாடிக் கட்டடத்தில் இருந்தாலும், பெரம்பலூரில் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாத கட்டடத்தில் இருந்தாலும், தைரியமாக அனுப்பி வைக்கலாம்.